தட்டில் ஈரம் இருக்கிறதா?

(சுரண்டையில் பூனை வளர்ப்போர் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப்போவது பூனையின் மூத்திரத்தையும் மலத்தையும் பற்றி. மேடை போட்டு, மைக் வைத்துப் பேசுகிற சங்கதியா இது என்று சிலர் நினைக்கலாம். மாட்டுக்குச் சாணம் இளகினால் என்ன, இறுகினால் என்ன என்று நம் ஊர்த் திண்ணைகளில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. மாடு பால் கொடுக்கும், வண்டி இழுக்கும். அதனால் அதன் சாணத்துக்கும் மரியாதை. பூனைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கிடைக்காமல் போனதற்குக் காரணமும் உண்டு. பூனை வீட்டில் தின்னும். காரியத்தை வெளியே முடித்துக்கொள்ளும். கொல்லையிலோ, வைக்கோல் படப்புக்குப் பின்னாலோ, தெருவில் யாராவது வீடு கட்டக் கொட்டி வைத்த மணல் குவியலிலோ போய்க் குழி தோண்டி, இருந்து, மூடிவிட்டு வரும். என்ன போனது, எவ்வளவு போனது என்று பார்த்தவர் கிடையாது. கடுவன் ஒன்று இரண்டு நாள் சோறு தின்னாமல் மூலையில் கிடக்கும். மூன்றாம் நாள் ஆளைக் காணாது. ‘கடுவன்தானே, ஊர் சுத்தப் போயிருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். ஊர் சுற்றப் போனவையும் உண்டு. ஆனால் அவற்றில் சில மூத்திரம் அடைத்து, படப்புக்கு அடியில் போய்ப் படுத்துச் செத்தவை என்றே இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது.

இப்போது காலம் மாறிவிட்டது. சுரண்டை நகராட்சி ஆகிவிட்டது. தெருவில் பைக்கும் வேனும் ஓடுகிற ஓட்டத்தில் பூனையை வெளியே விடப் பயமாக இருக்கிறது. சப்பை மூக்கும் அடர்ந்த முடியுமாகப் பெர்சியன் பூனைகள் நம் தெருக்களுக்கும் வந்துவிட்டன. அவற்றில் பல வாசற்படி தாண்டியதே இல்லை. அதனால் வீட்டுக்குள் ஒரு மூலையில் மண் தட்டு. ‘லிட்டர் பாக்ஸ்’ என்றுதான் கடையில் கேட்கிறீர்கள். அந்த வியாபாரத்துக்கு வயது அதிகமில்லை. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டு அம்மாள் பூனைக்காக மணல் கேட்டு வந்தார். லோ குடும்பத்தார் தொழிற்சாலைகளுக்கு எண்ணெய்க் கசிவை உறிஞ்சும் பொருள்கள் விற்றவர்கள். அவர் மணலுக்குப் பதில் உலர்ந்த களிமண் குறுணையைக் கொடுத்தார். அதுவரை அங்கேயும் சாம்பலும் மணலும்தான். ஈரம் பட்டதும் கட்டியாகத் திரளும் பெண்டோனைட் மண் 1980களில் வந்தது. அந்த மண் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் வெட்டி எடுக்கப்படுகிறது.

தட்டு வீட்டுக்குள் வந்ததால் நாற்றமும் வேலையும் கூடின என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய லாபமாகத் தெரிகிறது. பூனை தன் நோயை மறைக்கிற பிராணி. வலித்தால் நாய் மாதிரி வந்து காலடியில் விழாது. கட்டிலுக்கு அடியில் போய்விடும். அந்தப் பூனையின் உடம்புக்குள் நடப்பதைத் தினமும் நமக்குச் சொல்வது அந்தத் தட்டு ஒன்றுதான்.

என்னிடம் வருகிறவர்கள் பொதுவாக நாலு விதமாகச் சொல்வார்கள். ‘மெத்தையில மோண்டு வச்சிட்டு’ என்பது ஒன்று. ‘வெளிக்கு இளகிப் போகுது’ என்பது இன்னொன்று. ‘தட்டு நெறஞ்சி நெறஞ்சி வழியுது’ என்பார்கள் வயதான பூனை வைத்திருப்பவர்கள். நாலாவது, ‘போயிப் போயி உக்காருது, ஒண்ணும் வரல.’ முதல் மூன்றுக்கும் பொதுவாக நாள் கணக்கில் நேரம் இருக்கிறது. நாலாவதுக்கு மணிக் கணக்கில்தான் நேரம். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். நான் மேடையை விட்டு இறங்கிவிடலாம்.

ஒரு ராத்திரித் தொலைபேசிப் பேச்சைச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பேச்சு எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் பழக்கமானதுதான்.

“சார், எங்க கடுவன் ரெண்டு நாளா வெளிக்குப் போவ மாட்டேங்கு. மண்ணுல போயி முக்கிக்கிட்டே கெடக்கு. வெளக்கெண்ண குடுத்துப் பாத்தோம், கேக்கல.”

“ஒண்ணுக்குப் போச்சாக்கா?”

“அத யாரு சார் பாத்தா?”

அந்த அக்கா மேல் தப்பு இல்லை. பூனை முக்குவதைப் பார்த்தால் மலச்சிக்கல் என்றுதான் யாருக்கும் தோன்றும். மலத்துக்கு முக்கும் பூனையும் மூத்திரத்துக்கு முக்கும் பூனையும் தூரத்திலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் குந்தியிருக்கும். முதுகைக் கூனினால் மலம், தாழ்ந்து குந்தினால் மூத்திரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். குந்துவதைப் பார்ப்பதை விட மண்ணைப் பாருங்கள். தட்டில் ஈரம் இருக்கிறதா? எவ்வளவு ஈரம்? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கடுவனுக்கு ஏன் இந்த ஆபத்து என்றால், உடம்பின் அமைப்பு அப்படி. பெட்டைக்கு மூத்திரக் குழாய் குட்டையானது, அகலமானது. கடுவனுக்கு நீளம், போகப் போகக் குறுகி, குறியின் நுனியில் துவாரம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்த இடத்தில் அடைக்கப் பெரிய கல் வேண்டியதில்லை. மூத்திரத்தில் படியும் பொடி உப்பும் சளி போன்ற கசிவும் சேர்ந்து பசையாகத் திரண்டால் போதும். சில நேரம் அடைக்க எதுவுமே இருக்காது. அழற்சியில் வீங்கிய குழாய் தானாக இறுகிக்கொள்ளும். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே கிடக்கிற, உடம்பு பெருத்த, உலர் தீவனம் மட்டுமே தின்கிற நடுவயதுக் கடுவன்களுக்கு இது அதிகம். அதற்காகக் கருத்தடை வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். உடம்பு பெருக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

அடைத்த பிறகு நடப்பது கடிகாரம் வைத்த மாதிரி நடக்கும். மூத்திரப் பை நிரம்பி இறுகும். அழுத்தம் பின்னோக்கிப் போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். வெளியே போக வேண்டிய கழிவு ரத்தத்தில் தேங்கும். அதோடு பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு மட்டுப்படும், பிறகு தாறுமாறாகும். முழு அடைப்பு ஒரு நாளைத் தாண்டினாலே ஆபத்து. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடலாம்.

அடையாளங்களைச் சொல்கிறேன். திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போகும், வெறுங்கையோடு திரும்பும். குறியை விடாமல் நக்கும். தட்டில் குந்தியபடி வழக்கமில்லாத குரலில் கத்தும். தட்டை விட்டுக் குளியலறைத் தரையில், வாளிக்குள், துணிக் குவியலில் போய் உட்கார்ந்து பார்க்கும். வயிற்றைத் தொட விடாது. அடுத்த கட்டத்தில் தீனி எடுக்காது, வாந்தி எடுக்கும்.

அதற்கும் அடுத்த கட்டம்தான் ஏமாற்றுவது. கத்தல் நிற்கும். தட்டுக்குப் போவதையும் விட்டுவிடும். சிமென்ட் தரையில் போய்ப் பேசாமல் படுத்துக்கொள்ளும். ‘அடங்கிட்டு, இனி சரியாயிரும்’ என்று வீட்டில் நிம்மதிப்படுவார்கள். அது குணமான அமைதி இல்லை. ரத்தத்தில் விஷம் ஏறி உடம்பு குளிர்ந்து ஓய்ந்துபோன அமைதி. முந்தின நாள் முக்கிய பூனை, தட்டில் ஈரமே இல்லாமல் இன்றைக்குச் சாதுவாகக் கிடந்தால், அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் இது தெரிய வந்தால்? விடியட்டும் என்று இருக்கலாமா? கடுவன், பல தடவை முக்கியும் ஒரு சொட்டு இல்லை என்றால் விடியும் வரை வைத்திருக்காதீர்கள். சந்தேகம் மட்டும்தான், பூனை தின்கிறது, விளையாடுகிறது என்றால் ஒரு வேலை செய்யலாம். தட்டை முழுசாக அள்ளிப் புது மண் போட்டு, பூனையையும் தட்டையும் தண்ணீரையும் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். சில மணி நேரத்தில் கைப்பிடி அளவு ஈரக் கட்டி விழுந்தால் மூச்சு விடலாம். ஆரோக்கியமான பூனை நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை மூத்திரம் போகும்.

வீட்டில் செய்யக்கூடாதவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றை அமுக்கி மூத்திரத்தை வெளியேற்றப் பார்க்காதீர்கள். இறுகிய பை வெடித்துவிடும். விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான மாத்திரை கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. அரை மாத்திரையே அதன் ரத்தத்தைக் கெடுத்து உயிரை வாங்கலாம். மூத்திர அடைப்போடு வந்த பூனை மூத்திர அடைப்பால் சாகாமல், பாசத்தோடு கொடுத்த மாத்திரையால் சாவதைப் பார்ப்பது ரொம்பக் கொடுமை.

மருத்துவர் என்ன செய்வார்? வயிற்றைத் தொட்டதுமே பெரும்பாலும் தெரிந்துவிடும். மூத்திரப் பை கல் மாதிரி கைக்குத் தட்டுப்படும். மயக்கம் கொடுத்து, மெல்லிய கத்தீட்டர் குழாயை நுழைத்து அடைப்பைக் கழுவி விடுவார். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, பொட்டாசியத்தின் தாக்கத்திலிருந்து இதயத்தைக் காக்க மருந்து போடுவார். கத்தீட்டர் ஓரிரு நாள் உள்ளேயே இருக்கலாம். நேரத்தோடு கொண்டுவந்து முறையாகச் சிகிச்சை கொடுத்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைத்துவிடும். ஆனால் திரும்ப அடைப்பது சகஜம். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தட்டை ரொம்பக் கவனமாகப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப அடைக்கிற கடுவனுக்கு, குறுகிய நுனிப் பகுதியை நீக்கி வழியை அகலமாக்கும் அறுவை சிகிச்சை உண்டு.

இந்தக் கவனிப்பை வீட்டில் யார் செய்வது? நம் பக்கத்தில் பீடி சுற்றும் வீடுகள் நிறைய. காலையிலிருந்து பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத்தான் பூனை எத்தனை தடவை மூலைக்குப் போனது என்று தெரியும். வெளியூர் வேலையிலிருந்து வந்த பையன் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவான். ஒன்றும் சொல்லத் தெரியாது. நான் அவனிடம் கேட்பது, ‘அம்மாவுக்கு ஒரு போன் போடு’ என்பதுதான். (அதே அம்மாவுக்கு ஒரு வார்த்தை: பூனையைப் பீடித் தட்டில் படுக்க விடாதீர்கள். புகையிலைத் தூள் முடியில் ஒட்டும், நக்கினால் உள்ளே போகும். நிகோட்டின் பூனைக்கு விஷம்.)

சரி, முழு அடைப்பு இல்லை. சொட்டுச் சொட்டாகப் போகிறது, சிவப்பாக இருக்கிறது. இது கடுவன் என்றால், அடைப்புத் தொடங்குகிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லும் வரை அடைப்பு என்றே வைத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். பெட்டையா, தின்கிறதா, ஒரு நாள் பொறுக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இங்கேதான் நான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. ரத்தம் போனால் ‘கிருமி’ என்று முடிவு கட்டி, மருந்துக் கடையில் மனிதர்களுக்கான ஆண்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாலைந்து நாள் கழித்து ‘அதுலயே சரியாயிட்டு’ என்கிறீர்கள். இளவயது, நடுவயதுப் பூனைகளுக்குக் கிருமியால் மூத்திர அழற்சி வருவது அபூர்வம். வயதான பூனைக்கு, சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கும் பூனைக்குத்தான் அது அதிகம். இந்தத் தொந்தரவோடு வரும் இளம் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குப் பரிசோதித்தால் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. மூத்திரப் பை மட்டும் புண்ணாகிச் சிவந்திருக்கும். அது பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே அடங்கும். பெயர் மாத்திரைக்குப் போகிறது. பிறகு திரும்ப வரும், திரும்ப மாத்திரை.

இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த டோனி பஃபிங்டன். மூத்திரப் பையோடு நோய் முடிவதில்லை, பூனையின் பயமும் பதற்றமும் நரம்பு வழியாகப் பையை வந்து தாக்குகின்றன என்று காட்டியவர் அவர். இருக்கிற இடத்தை ஒழுங்குபடுத்தினால், ஒளிய ஓர் இடம், ஏற ஓர் உயரம், நேரத்துக்குத் தீனி, சுத்தமான தண்ணீர், அமைதியான மண் தட்டு என்று கொடுத்தால், நோய் திரும்புவது குறைகிறது என்றும் காட்டினார்.

ஒஹாயோவில் பூனைக்கு என்ன பதற்றமோ எனக்குத் தெரியாது. நம் ஊரில் எனக்குத் தெரியும். அம்மன் கோயில் கொடை வந்தால் ஜன்னலுக்கு நேராகக் கொம்புக் குழாய் கட்டி, ராத்திரி முழுக்க மேளமும் வில்லுப்பாட்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ் வெடி. வீட்டில் கல்யாணம் என்றால் பந்தல், விருந்தாளிகள், பூனை இருந்த அறையில் பெட்டி படுக்கை. மண் தட்டு மொட்டை மாடிக்குப் போய்விடும். குற்றாலத்தில் சீசன் என்றால் சொந்தக்காரர்கள் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள். சீசன் காற்றில் மாடிக் கதவு அடித்துக்கொண்டே இருக்கும், பாதி நாள் தட்டுக்குப் போகும் வழியே அடைபட்டிருக்கும். இதெல்லாம் நமக்குக் கொண்டாட்டம். பூனை கட்டிலுக்கு அடியில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு கிடக்கும். கொடைக்கு நாள் குறித்ததும் பின் அறை ஒன்றில் தட்டு, தண்ணீர், அட்டைப் பெட்டி மூன்றையும் வைத்துப் பூனையை முன்கூட்டியே பழக்குங்கள். கொடையை நிறுத்தச் சொல்லவில்லை. நானும் போய்ப் பார்க்கிறவன்தான்.

தண்ணீர் விஷயம். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியா, வடஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் எலி பிடித்துத் தின்ற காட்டுப்பூனை. தின்ற இரையிலேயே தண்ணீர் கிடைத்துவிட்டதால் தாகம் குறைவு. மூத்திரத்தைக் கெட்டியாக்கி வெளியேற்றும் சிறுநீரகம். நேற்று வரை நம் வீட்டில் மீன் தலையும் ரசச் சோறும் தின்ற பூனைக்கு அந்தக் குணம் இடைஞ்சல் செய்யவில்லை. இன்றைக்குப் பையில் வருகிற உலர் தீவனத்தில் ஈரம் ஏறக்குறைய 10 சதவீதம்தான். எலியிலும் மீனிலும் 70 சதவீதத்துக்கு மேல். சித்திரை வெயிலில் உலர் தீவனம் மட்டும் தின்று, தாகம் தெரியாமல் படுத்திருக்கும் பூனையின் மூத்திரம் எவ்வளவு கெட்டியாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் மீன் வேகவைத்த தண்ணீரைத் தீவனத்தில் ஊற்றிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்; குழம்பில் மிஞ்சியதைப் போடாதீர்கள். தண்ணீரை வீட்டில் இரண்டு மூன்று இடத்தில், தீனிக்கும் மண்ணுக்கும் தள்ளி வையுங்கள்.

மெத்தையில் மோண்டு வைக்கும் பூனைக்கு வருவோம். ‘திமிரு சார், நாங்க ஊருக்குப் போயிட்டு வந்த கோவத்துல வேணும்னே செய்யுது’ என்பார்கள். பழி வாங்குகிற கணக்கெல்லாம் பூனைக்குக் கிடையாது. மூத்திரம் போகும்போது வலித்தால், அந்த வலியைத் தட்டோடு சேர்த்து நினைத்துக்கொள்ளும். மெத்தென்ற வேறு இடம் தேடும். ஒழுங்காகத் தட்டில் போன பூனை திடீரென மாறினால் இரண்டு மூன்று நாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகு தட்டை ஆராயலாம். பெரும்பாலும் தட்டுதான் குற்றவாளி. பூனை திரும்பக்கூட முடியாத சின்னத் தட்டு, மூன்று நாள் அள்ளாத மண், வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தது, மல்லிகை வாசம் போட்ட மண். பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம், தினமும் அள்ளுவது, வாசம் இல்லாத மண், பூனைகளின் எண்ணிக்கையை விட ஒரு தட்டு கூடுதல். பெட் ஷாப் தட்டு சின்னதாக இருந்தால் துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப் போதும்.

வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, நின்றபடியே சுவரில் பீய்ச்சுவது வேறு சமாச்சாரம். அது எல்லை போடுவது. கருத்தடை செய்த கடுவன்களில் பத்துக்கு ஒன்பது அதை நிறுத்திவிடும்.

மலத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் முதல் கேள்வி: பால் ஊற்றுகிறீர்களா? பூனைக்குப் பால் என்பது நம் வீடுகளில் தர்மம் மாதிரி. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, பேதி அதனால்தான். நிறுத்திவிட்டு ஒரு நாள் பாருங்கள். தின்று, விளையாடிக்கொண்டிருக்கும் வளர்ந்த பூனைக்கு அந்த ஒரு நாள் அவகாசம் உண்டு. குட்டிக்கு இல்லை. குட்டி பேதியோடு வாந்தியும் எடுத்து, சோர்ந்து, தண்ணீர் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் நோய் குட்டிகளைக் கூட்டமாகக் கொண்டுபோய்விடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. போட்டிருக்கிறீர்களா என்று இங்கே கை தூக்கச் சொன்னால் சங்கடமாகிவிடும். மலமே இல்லாமல் இரண்டு நாள் ஆனாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் காட்டுங்கள்.

வயதான பூனையின் நிறைந்து வழியும் தட்டு அவசரம் இல்லை, ஆனால் அலட்சியமும் கூடாது. பத்து வயது தாண்டிய பூனை தண்ணீர் அதிகம் குடிக்கிறது, ஈரக் கட்டிகள் பெரிசாகிவிட்டன, உடம்பு மட்டும் இளைக்கிறது என்றால் சிறுநீரகமோ, சர்க்கரையோ, தைராய்டோ என்று ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு வாரத்துக்குள் போங்கள். பூனையைப் பையில் உட்கார வைத்து மாதம் ஒருமுறை எடை போட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசு போதும். கடைக்கார அண்ணாச்சி சிரிப்பார், சிரிக்கட்டும்.

எங்கே போவது? அரசு கால்நடை மருந்தகம்தான் முதல் படி. ஆனால் கடுவனுக்குப் போடும் மெல்லிய கத்தீட்டர் எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாடும் ஆடும் கோழியுமாகப் பார்க்கிற மருத்துவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதனால் பூனை நன்றாக இருக்கும்போதே, தென்காசியிலும் திருநெல்வேலியிலும் விசாரித்து, ‘கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்தால் கத்தீட்டர் போடுவீர்களா, ராத்திரி பார்ப்பீர்களா’ என்று கேட்டு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கிருந்து 50 கிலோமீட்டர் போல. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தங்க வைத்துப் பார்ப்பது என்று வந்தால் அந்தப் பக்கம் போக வேண்டிவரும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி முக்கியமாகக் கிராமத்து மாடு, ஆடுகளுக்கானது. அடைத்த பூனையை வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

போகும்போது பூனையைச் சாக்கில் கட்டி பைக்கில் தொங்கவிட்டுக் கொண்டுபோக வேண்டாம். காய்கறி வரும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டைக் கவிழ்த்துக் கட்டி, உள்ளே அதன் பழைய துணியைப் போட்டால் போதும். மண் தட்டில் அது குந்துவதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பத்து நிமிஷம் விளக்குவதை அரை நிமிஷ வீடியோ சொல்லிவிடும். கடைசியாக எப்போது ஈரம் பார்த்தீர்கள், என்ன தின்கிறது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். விளக்கெண்ணெய் கொடுத்ததற்காக யாரும் திட்ட மாட்டார்கள். நான் லேசாகத் திட்டுவேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது: ‘மருமகள் முழுகாமல் இருக்கிறாள், பூனையை விட்டுவிடவா?’ வேண்டாம். பயம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பற்றியது. பூனை அதை வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறை, ஒன்றிரண்டு வாரம்தான் மலத்தில் வெளியேற்றும். வெளியே வந்த முட்டை தொற்றும் பக்குவத்துக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் பெரும் ஆபத்து அதோடு போயிற்று. அள்ளுகிற வேலையை மட்டும் பிரசவம் வரை மகன் செய்யட்டும். சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் அந்த ஒட்டுண்ணிக்கு வழிதான். பூனையை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். தெருவில் கொட்டிய மணலில் பிள்ளைகள் விளையாடுகிறார்களே, அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.

இன்னொரு சீட்டு: ‘வலியில் இருக்கும் பூனை தூக்கும்போது கடித்துவிட்டால்?’ கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுப் பூனைதானே என்று விட வேண்டாம். அதே நேரத்தில், வீட்டில் ஒருவர் உங்கள் கையைக் கவனிக்கட்டும், இன்னொருவர் பூனையை வண்டியில் ஏற்றட்டும்.